பதினாலாவது கோப்பை

ட்ர்ர்ர்ர் என்று சுவரைக் குடைகிற சத்தம். ரோண்டா கையிலிருந்த காபி பாதி மேஜையிலும் பாதி வருகைப் பதிவேட்டிலும் கொட்டியது. துடைக்க அவள் நிற்கவில்லை. அந்தச் சத்தம் எந்தச் சுவரிலிருந்து வருகிறது என்பது இருபத்திரண்டு வருடம் அந்தப் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா?

நடைபாதையில் பென்னி ஒச்சோவா ஏணிமேல் நின்று மின்சாரத் திருப்புளியால் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றிய ஏழு படங்கள் தரையில் சுவரோரம் சாய்ந்திருந்தன. இன்னும் ஐந்து மேலே.

"பென்னி! என்னப்பா பண்றே?"

"என்னை முறைக்காதீங்க மிஸ். வேலை உத்தரவு வந்திருக்கு. நான் எழுதலை, நான் கழட்டுறவன்."

"யார் எழுதினது?"

பென்னி திருப்புளியின் முனையால் கண்காணிப்பாளர் அறையைக் காட்டினான். அந்தப் பள்ளி மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் தலைவர் அவர்.

பன்னிரண்டு படங்கள். 1968இல் டாலோ பெண்ட் ஊரில் கறுப்பர்களுக்கென்று இருந்த கார்வர் பள்ளியை மூடினார்கள். இனி எல்லோரும் வெள்ளையர் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். மற்ற பிள்ளைகள் பயந்து ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட, முதல் நாளே துணிந்து இந்த வாசலில் கால் வைத்தவர்கள் பன்னிரண்டு பேர். இடமிருந்து மூன்றாவது படத்தில், புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, காமிராவோடு சண்டைக்குப் போகிற மாதிரி நிற்கிற பதினாறு வயதுப் பெண் ஓபலீன். ரோண்டாவின் அம்மா.

அந்தப் படம் இப்போது தரையில் இருந்தது. அது தொங்கிய இடத்தில் பழைய பச்சைப் பெயின்ட் ஒரு சதுரமாகத் தெரிந்தது.

கண்காணிப்பாளர் டாக்டர் லின்ஸி நல்ல மனிதர்தான். நல்ல மனிதர் என்பதாலேயே ரோண்டா கதவைத் தட்டாமல் உள்ளே வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"உட்கார் ரோண்டா. நீ என்ன கேக்கப் போறேன்னு தெரியும்."

"தெரிஞ்சா பதிலைச் சொல்லுங்க சார்."

"மாநில அரசோட புதுச் சட்டம் செப்டம்பர் ஒண்ணாம் தேதியிலேர்ந்து அமல்ல இருக்கு. பன்மை, சமத்துவம், அனைவரையும் சேர்த்தல்னு எந்தப் பேர்லயும், ஒரு இனத்தைக் குறிச்சு பள்ளிக்கூடம் நிகழ்ச்சி நடத்தக் கூடாது. ஒரு பெத்தவங்க எழுத்துல புகார் குடுத்திருக்காங்க. ஒரே இனத்துக்குன்னு ஒரு சுவர் எதுக்குன்னு."

"அது வரலாறு சார். வரலாறு சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னும் சட்டத்துல இருக்கா?"

"இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனா வக்கீல் சொல்றாரு, சந்தேகம் இருக்கறதையெல்லாம் முதல்ல இறக்குங்க, ஜனவரியில உட்கார்ந்து பார்க்கலாம்னு." குரலைத் தாழ்த்தினார். "ஹோம்கமிங் மரியாதையும் கிடையாது. நிறுத்தியாச்சு."

ரோண்டாவுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. பழைய மாணவர்கள் ஊர் திரும்புகிற ஹோம்கமிங் ஃபுட்பால் ஆட்டம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அந்தப் பன்னிரண்டு பேரில் இன்று உயிரோடு இருப்பவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரையும் இடைவேளையில் மைதானத்துக்கு அழைத்து, பேர் படித்து, கை தட்டுவது என்று வசந்த காலத்திலேயே பேசி முடித்தாகிவிட்டது. ஹூஸ்டனிலிருந்து ஒருவர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு வருகிறார்.

"ஜனவரியில அஞ்சு பேரும் உயிரோட இருப்பாங்கன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

டாக்டர் லின்ஸி மேஜையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். "மீறின ஊழியரை வேலையை விட்டு எடுக்கணும்னு மாவட்டமே விதி எழுதி வெச்சாகணும். எனக்கும் அது பொருந்தும். உனக்கும்தான். உன் நல்லதுக்குச் சொல்றேன்."

"என் நல்லதை நான் பார்த்துக்கறேன். எங்கம்மா அந்த வெள்ளிக்கிழமை அந்தப் புல்லுமேல நிப்பாங்க. அதுக்கு என்ன வழின்னு மட்டும்தான் இனிமே நான் பார்க்கப் போறேன்."

அன்று சாயங்காலம் அம்மாவே போன் செய்தாள். சேதி ஊரைச் சுற்றி அவளை முதலிலேயே எட்டிவிட்டது.

"கோட் வாங்கிட்டேன்டீ. ஊதா. கார்வர் கலர். திருப்பிக் குடுக்க மாட்டேன், ரசீதைக் கிழிச்சுட்டேன்."

"திருப்பிக் குடுக்க வேணாம்மா."

"அன்னிக்கும் ஒருத்தர் டையெல்லாம் கட்டிக்கிட்டு வந்து, ஒரு வாரம் பொறுத்து வாங்கன்னாரு. நாங்க பொறுத்தோமா? இப்ப ஜனவரியாம்ல. எழுபத்து மூணு வயசுக்காரிகிட்ட தவணை சொல்றானுங்க."

திங்கள்கிழமை மாலை ஆறு மணிக்குப் பள்ளி வாரியக் கூட்டம். பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். ஐந்து மணிக்குள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ரோண்டா நாலு மணிக்கே கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு முன்னால் பேசியவள் டேனா கோல்பி. புகார் எழுதியவள். வாத்தியக் குழுவுக்கு வருடா வருடம் ஆப்பிள் பை சுட்டு விற்றுப் பணம் சேர்த்துத் தருகிறவள்தான். கொம்பு முளைத்தவள் இல்லை. "என் பையன் கேக்கறான், நம்ம ஆளுங்க படம் எங்கேம்மான்னு. நான் என்ன சொல்லட்டும்? எல்லாருக்கும் இல்லாத சுவர் யாருக்கும் வேணாம். அவ்வளவுதான் என் நியாயம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ரோண்டா எழுந்தாள். பன்னிரண்டு பேரையும் பேர் சொல்ல ஆரம்பித்தாள். யார் யார் எந்தத் தெரு, அன்று காலை யார் கையில் என்ன இருந்தது, யார்மேல் எச்சில் விழுந்தது. ஒன்பதாவது பேரில் பீப் என்று மணி அலறியது.

"நேரம் முடிஞ்சது மிஸ். பட்டியல்ல இல்லாத விஷயத்துக்கு நாங்க பதில் சொல்லக் கூடாதுன்னு விதி. நன்றி" என்றார் வாரியத் தலைவர்.

"இன்னும் மூணு பேர் இருக்காங்க."

"நன்றி மிஸ்."

ரோண்டா பின் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கிளம்பியிருக்கலாம். ஆனால் கோபத்தில் கால் எழவில்லை. அதுதான் நல்லதாகப் போயிற்று. பட்டியலில் அடுத்த விஷயம்: 1975இல் சாம்பியன் ஆன அணிக்கு இந்த ஹோம்கமிங்கில் மரியாதை. ஆட்டக்காரர்கள், உற்சாகமூட்டும் பெண்கள், வாத்தியக் குழு அத்தனை பேரும் மைதானத்துக்கு. சாம்பியன் பலகையில் பேர் இருக்கிற எந்த அணியையும் அழைப்பது வழக்கம்தானே? எதிர்ப்பு இல்லை. நிறைவேறியது. ஒன்றரை நிமிடம்.

ரோண்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கார்வர் பள்ளிக்கும் ஒரு ஃபுட்பால் அணி இருந்தது. மூடுவதற்கு முந்தின பருவத்தில், 1967இல், அது கறுப்பர் பள்ளிகளின் போட்டியில் சாம்பியன். அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். கார்வரும் இதே பள்ளி மாவட்டத்தின் பள்ளிதான். அப்படியென்றால் அது இந்த மாவட்டத்தின் கோப்பை. இன்னொன்றும் இருந்தது. அந்தப் பன்னிரண்டு பேரும் முதல் நாள் சேர்ந்து வந்ததற்குக் காரணமே அதுதான். ஐந்து பேர் அந்த அணியில் ஆடியவர்கள். ஏழு பேர் வாத்தியக் குழு. ஓபலீன் பெரிய டிரம்.

வண்டிகள் நிற்கிற இடத்தில் கோச் ராய்ஸைப் பிடித்தாள். இப்போது அவர் பயிற்சி தருவதில்லை. விளையாட்டுத் துறைத் தலைவர். ஆனாலும் ஊருக்கு அவர் கோச்தான். வாயில் சூரியகாந்தி விதை, கையில் தோலைத் துப்ப ஒரு காகிதக் கோப்பை. அவருடைய அப்பாவும் கோச்; மைதானத்துக்கே ஹடில்ஸ்டன் மைதானம் என்று அந்த அப்பாவின் பேர்தான்.

ரோண்டா சொன்னதை அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"கார்வர் சாம்பியன்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன்மா. ஆனா கோப்பை எங்கே? கோப்பையைக் கண்ணால பார்க்காம பலகையில பேர் ஏறாது. எங்க மாமா நூறு கஜம் ஓடினாரு, எங்க தாத்தா எட்டு பேரைத் தள்ளினாருன்னு ஆளாளுக்கு வருவாங்கன்னு எங்கப்பா போட்ட விதி."

"கோப்பை இருந்தா?"

"இருந்தா நானே ஏத்துறேன். மைக்ல நானே பேர் படிக்கறேன். வியாழக்கிழமை மத்தியானம் நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள." சொல்லும்போது அவர் ரோண்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பதினாலு கோப்பைடீ" என்றாள் அம்மா போனில். "தலைமையாசிரியர் அறை வாசல்ல கண்ணாடி அலமாரி. மூடின வாரம் லாரி வந்துச்சு. அப்புறம் எதையும் யாரும் பார்க்கலை."

செவ்வாய்க்கிழமை முழுக்க ரோண்டா போனோடு போராடினாள். பழைய கறுப்பர் பள்ளிப் போட்டிகளின் காகிதங்கள் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்தன. அங்கே ஒரு பெண் பொறுமையாகத் தேடி, தட்டச்சு செய்த ஒரு பட்டியலை அனுப்பினாள்: 1967, சாம்பியன், டாலோ பெண்ட் கார்வர். ரோண்டா அதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கோச் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "காகிதம் கோப்பை இல்லைம்மா."

புதன்கிழமை மதியம் பழைய கார்வர் கட்டடத்துக்குப் போனாள். இப்போது அது பேருந்துக் கொட்டகை. வகுப்பறையாக இருந்த இடத்தில் டயர்கள். பின்னால் ஒரு அறையில் மாவட்டத்தின் பழைய காகிதங்கள் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. சாவி பென்னியிடம்.

"வேலை உத்தரவு இல்லாம நான் சாவி குடுக்கக் கூடாது மிஸ்."

"தெரியும்."

"ஆனா இந்தச் சாவிக்கொத்து இடுப்புல குத்துது. இங்க வெச்சுட்டு சாப்பிடப் போறேன். முக்கால் மணி நேரம் ஆகும். எனக்குப் பல் சரியில்லை, மெதுவா மெல்லுவேன்."

முக்கால் மணி நேரத்தில் பதினோரு பெட்டிகள். பன்னிரண்டாவதில் 1968 ஜூன் மாதத்துச் சொத்துப் பட்டியல் கிடைத்தது. கார்வர் பள்ளியில் இருந்தவை, போன இடம். மேஜைகள், கிடங்குக்கு. தட்டச்சு இயந்திரங்கள் ஆறு, உயர்நிலைப் பள்ளிக்கு. பெரிய டிரம் ஒன்று, உயர்நிலைப் பள்ளி வாத்தியக் குழுவுக்கு.

ரோண்டா அந்த வரியில் சற்று நின்றாள். அம்மாவின் டிரம். அம்மாவைவிட முன்னால் அது அந்தப் பள்ளிக்குள் போயிருக்கிறது.

கடைசி வரி: கோப்பைகள் பதினாலு, குப்பைக்கு. கீழே கையெழுத்து. எச். ஹடில்ஸ்டன்.

கோச்சின் அறை மைதானப் படிக்கட்டுகளுக்கு அடியில். ரோண்டா காகிதத்தை அவர் முன்னால் விரித்தாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்கப்பா கையெழுத்துதானே?"

"ஆமா."

"கோப்பை இருந்துச்சுங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும் கோச்?"

அவர் விதை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "விதி விதிதான்மா."

"உங்கப்பாவே தூக்கி எறிஞ்சுட்டு, உங்கப்பாவே கோப்பையைக் காட்டுன்னு கேட்டா அது விதியா, பூட்டா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெளியே பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதுகிற சத்தம் கேட்டது.

"பாருங்க கோச். இந்தக் காகிதத்தை நான் பத்திரிகைக்காரங்ககிட்ட கொண்டு போகலாம். நாளைக்கு மைதானத்து வாசல்ல உங்கப்பா பேரைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. ஆனா எங்கம்மா புல்லுமேல நிக்க மாட்டாங்க. அதனாலதான் இங்க வந்தேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு. அதுவரைக்கும் நான் தேடுவேன். குப்பை மேட்டைத் தோண்டணும்னாலும் தோண்டுவேன்."

"இதை நான் வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்குங்க. நகல்தான்."

வியாழக்கிழமை பதினொன்றேகால். ரோண்டா அதுவரை மூன்று பழைய சாமான் கடைக்காரர்களிடமும், கார்வரின் கடைசித் தலைமையாசிரியருடைய மருமகளிடமும் கேட்டாகிவிட்டது. நான்காவது கடையின் எண்ணை அழுத்திக்கொண்டிருக்கும்போது அலுவலகக் கதவு திறந்தது. கோச் ராய்ஸ் உள்ளே வந்தார். கையில் மாட்டுத் தீவனச் சாக்கு ஒன்று. அதை ரோண்டாவின் மேஜைமேல், ஏதோ தூங்குகிற குழந்தையை வைப்பது மாதிரி வைத்தார்.

உள்ளே ஒரு முழ உயரக் கோப்பை. மரப்பீடம். மேலே பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிற பித்தளை மனிதன். பீடத்தில் தகடு: கார்வர், டாலோ பெண்ட், 1967.

ரோண்டா தொட்டுப் பார்த்தாள். விரலில் தூசி ஒட்டவில்லை. ஐம்பத்தெட்டு வருடப் பழைய பித்தளை பளபளத்தது. யாரோ துடைத்துத் துடைத்தே தகட்டின் எழுத்துகள் தேய்ந்திருந்தன.

"எங்கே கோச் இது..."

"கேக்காதேம்மா. மணியைப் பாரு."

இருவருமாகக் கண்காணிப்பாளர் அறைக்குள் நுழைந்தார்கள். டாக்டர் லின்ஸி கோப்பையைச் சுற்றி வந்து பார்த்தார். தட்டச்சுப் பட்டியலைப் பார்த்தார். சொத்துப் பட்டியலைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் ரோண்டா. நாளைக்கு என்னை யாராவது கேப்பாங்க. இது ஃபுட்பால் விஷயமா, இன விஷயமா?"

தலையை ஆட்டி ஃபுட்பால் என்று சொன்னால் முடிந்துவிடும். கோச் கூட அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"ரெண்டும்தான் சார்" என்றாள் ரோண்டா. "கறுப்பா இருந்ததாலதான் அவங்க தனியா ஆடினாங்க. தனியா ஆடினதாலதான் அந்தப் பேர் பலகையில இல்லை. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் தனிச் சலுகை கேக்கலை. ஜெயிச்ச அணிக்கெல்லாம் நீங்க என்ன செய்வீங்களோ அதைத்தான் கேக்கறேன். அதைச் செய்யக் கூடாதுன்னு எந்தச் சட்டம் சொல்லுதுன்னு நீங்க காட்டுங்க, நான் போயிடறேன்."

டாக்டர் லின்ஸி வக்கீலுக்குப் போன் போட்டார். "ஆமா... எல்லா அணிக்கும் ஒரே விதி... ஆமா, கோப்பை என் மேஜைமேலதான் இருக்கு... இல்லை, போட்டோ இல்லை, நிஜக் கோப்பை." பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அப்ப நான் கையெழுத்துப் போடறேன். என் பேர்ல" என்று வைத்துவிட்டார்.

பேனா நகர்ந்தது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

"சாம்பியன் அணியோட படத்தைக் கோப்பைக்குப் பக்கத்துல கண்ணாடிப் பெட்டியில வைக்கறதும் வழக்கம் சார்" என்றாள் ரோண்டா. "அணியும் வாத்தியக் குழுவும். கையில பன்னிரண்டு பேர் படம்தான் இருக்கு."

டாக்டர் லின்ஸி அவளை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பை அடக்க முயன்று பாதியில் தோற்றார். "பென்னிக்கு வேலை உத்தரவு நீயே எழுதிடு."

மூன்று மணிக்கு மறுபடி ட்ர்ர்ர்ர் என்று சத்தம் கேட்டது. இந்தத் தடவை ரோண்டா காபியைக் கொட்டாமல் குடித்து முடித்தாள்.

வெள்ளிக்கிழமை இடைவேளை. ஹடில்ஸ்டன் மைதானம் நிரம்பி வழிந்தது. 1975 அணி வந்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு ஓரமாய் நின்றது. அடுத்து அறிவிப்பாளர் மைக்கைக் கோச் ராய்ஸிடம் கொடுத்தார்.

"1967. சாம்பியன். டாலோ பெண்ட் கார்வர்."

தெற்குப் பக்கத்துப் படிகளில் யாரோ எழுந்தார்கள். அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தார்கள். டேனா கோல்பி ஆப்பிள் பை விற்கிற மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தாள். கை தட்டவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. கோச் ஒவ்வொரு பேராகப் படித்தார். இருக்கிறவர்கள், இல்லாதவர்கள், பன்னிரண்டு பேரும். இங்கே மணி அடிக்க யாரும் இல்லை. ஹூஸ்டன்காரர் ஆக்ஸிஜன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கடைசியாக ஊதா கோட்டில் ஓபலீன். புல்லுமேல் வந்து நின்று, பதினாறு வயதுப் படத்தில் பார்த்த அதே பார்வையைக் கூட்டத்தின்மேல் வீசினாள்.

ஓரக்கோட்டில் நின்ற ரோண்டா எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினாள்.

கோச் கோப்பையை ஓபலீனிடம் நீட்டினார். அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பித்தளை மனிதனைத் தடவினாள். தேய்ந்துபோன தகட்டை விரலால் படித்தாள். குப்பையில் கிடந்த சாமான் இப்படி மின்னாது என்பது அவளுக்கும் தெரியும்.

"ஏம்பா ராய்ஸ்" என்றாள். "இத்தனை வருஷம் இது எங்கே இருந்துச்சு?"

மைக் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. கேள்வி எட்டு ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. நாலாயிரம் பேர் காத்திருந்தார்கள். கோச் ராய்ஸின் கட்டைவிரல் மைக்கின் பொத்தான்மேல் போய் நின்றது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும், மைக் அணைந்து பதில் புல்லோடு போய்விடும். அவர் அண்ணாந்து பார்த்தார். விளக்குகளுக்குக் கீழே அப்பாவின் பேர் ஆளுயர எழுத்துகளில் இருந்தது.

கட்டைவிரலை எடுத்துவிட்டார்.

"எங்க வீட்லதாம்மா இருந்துச்சு. கோப்பை இல்லாம பேர் ஏறாதுன்னு உங்க பொண்ணுகிட்ட நான் சொன்னேனே, அன்னிக்கும் அங்கதான் இருந்துச்சு."